கோழி வயிற்றில் புழு... குழந்தைக்கும் வந்துவிடுமா?

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி ரயில் ஏறுகிற ஊரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும், லாரிகள் வரிசைகட்டி நிற்கும் முனையமும்தான் எங்கள் ஊருக்கு அடையாளம். பகலெல்லாம் ஹாரன் சத்தம்தான். ஆனால், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே வந்தால், ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல், நாலு கோழி என்று கிராமம் இன்னும் கொல்லைப்புறத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். எங்கள் வீட்டில் ஏழு கோழிகள், ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை. வில்லியனூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு வந்து தங்கிய மாமியார், துணிமணிகளோடு ஒரு பஞ்சாரத்தையும் இரண்டு பெட்டைகளையும் கொண்டுவந்தார். அதிலிருந்து பெருகியதுதான் இந்தக் குடும்பம்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேண்டுதலுக்காக ஒரு கோழியை அறுத்தோம். அத்தை கொல்லையில் உட்கார்ந்து சுத்தம் செய்துகொண்டிருக்க, என் மூன்றரை வயது மகள் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். குடலைக் கீறியதும் அவள் சந்தோஷமாகக் கத்தினாள்:

“ஆயா, இடியாப்பம்!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, விரல் நீளத்துக்கு, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு புழுக்கள். குழந்தை சொன்னது தப்பே இல்லை, அசல் இடியாப்பம்தான். அன்றிலிருந்து இரண்டு வாரம் எங்கள் வீட்டில் யாரும் இடியாப்பம் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அத்தைக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. “இது எல்லாக் கோழிக்கும் இருக்கறதுதாம்மா. குடலத் தூக்கிப் போட்டுட்டா போச்சு” என்றார். எனக்கு அப்படிப் போகவில்லை. காரணம், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மகள் ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்தாள், பல்லை நறநறவென்று கடித்தாள், பின்பக்கத்தைச் சொறிந்துகொண்டு அழுதாள். பகலெல்லாம் அந்தக் கோழிகளோடுதான் விளையாட்டு. ஒரு கறுப்புப் பெட்டைக்கு ‘பொம்மி’ என்று பெயர் வைத்து, அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாள். இரண்டையும் இரண்டையும் கூட்டி நாலு என்று முடிவுகட்டிவிட்டேன். கோழிகளை விற்றுவிடலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

நான் போட்ட கூட்டல் கணக்கு தப்பு. அதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு டாக்டர்கள்: ஒருவர் குழந்தைகளுக்கு, இன்னொருவர் கால்நடைக்கு. வீட்டில் கோழியும் சின்னக் குழந்தையும் சேர்ந்து வளரும் எல்லா அம்மாக்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும் என்பதால், தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

புழுவுக்கும் வீடு ஒன்றுதான்

குழந்தை டாக்டர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “ராத்திரியில மட்டும்தானே சொறியறா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். அது கீரிப்பூச்சி. வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும். குழந்தை தூங்கிய பிறகு பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும். அதனால்தான் அந்த அரிப்பு. குழந்தை சொறியும், முட்டை நகக்கண்ணில் ஏறும், விரல் வாய்க்குப் போகும். சுற்று மறுபடி ஆரம்பிக்கும். இந்தப் புழுவுக்கு மனிதக் குடலைத் தவிர வேறு வீடு கிடையாது. கோழிக்கும் வராது, நாய்க்கும் வராது. என் மகளுக்கு அது வந்தது இன்னொரு குழந்தையிடமிருந்து. பால்வாடியிலோ, பக்கத்து வீட்டிலோ, யாருடைய போர்வையிலோ! பல் கடிப்பதற்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நம் பாட்டிமார்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு விஷயம்.

வைத்தியம் சுலபம்தான், ஆனால், குழந்தைக்கு மட்டும் கொடுத்தால் பலன் இல்லை. வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. (கர்ப்பிணிகள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.) மாத்திரை புழுவைக் கொல்லுமே தவிர, முட்டையை ஒன்றும் செய்யாது, மிச்சம் இருக்கும் முட்டை பொரித்து வருவதைப் பிடிக்கத்தான் அந்த இரண்டாவது முறை. அன்றைக்கே படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஜட்டி எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடச் சொன்னார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். காலையில் எழுந்ததும் குழந்தையைக் கழுவிவிடச் சொன்னார். கோழியைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. நான்தான் விடாமல் கேட்டேன். “அதுக்குப் போய் அந்தக் கோழி என்னம்மா பண்ணும்?” என்றார்.

அப்படியானால் அந்த இடியாப்பம்?

அது கோழியின் உருண்டைப்புழு. ‘அஸ்காரிடியா கேலி’ என்று பெயர். மனிதர்களுக்கு வரும் நாக்குப்பூச்சியின் பெயர் ‘அஸ்காரிஸ்’. பெயர் அக்கா தங்கை மாதிரி இருப்பதால் படித்தவர்கள்கூடக் குழம்பிப்போகிறார்கள். கூகுளில் தேடிய என் வீட்டுக்காரரும் குழம்பித்தான் போனார். ஆனால், கோழியின் புழு நம் குடலில் குடித்தனம் நடத்தாது. கோழியின் குருட்டுக்குடலில் இருக்கும் சின்னப் புழு, தலைமுடி மாதிரி மெல்லிசான முடிப்புழு, எச்சத்தில் அரிசி அரிசியாக விழும் நாடாப்புழு என்று கோழிக்கு வரக்கூடிய புழுக்கள் பல வகை. எங்கள் கொல்லையில் மேயும் கோழிகளுக்கு வருகிற அவற்றால் குழந்தைக்குப் புழு நோய் வரும் என்று பயப்படத் தேவையில்லை என்பதுதான் கால்நடை டாக்டர் சொன்ன முதல் செய்தி.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் புழு என்றாலே இன்னொரு பயமும் உண்டு: யானைக்கால். 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இதே புதுச்சேரியில்தான் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களை ஒழிக்க ஊரெல்லாம் சாக்கடை சாக்கடையாக அவர்கள் வேலை பார்த்ததை அத்தை தலைமுறை இன்னும் மறக்கவில்லை. “பூச்சி மாத்திரை” என்று நான் சொன்னதும், “எனக்குக் கால் வீங்கலியே” என்றார் அத்தை. யானைக்கால் புழு ரத்தத்தில், நிணநீரில் இருப்பது. கொசு கடித்து வருவது. கீரிப்பூச்சி குடலில் இருப்பது, விரலால் வருவது. கோழிப்புழு கோழியோடு சரி. மூன்றுக்கும் தமிழில் ‘பூச்சி’, ‘புழு’ என்று இரண்டே சொல்தான் இருக்கிறது, அதனால் வருகிற வம்பு இது.

கோழி தேயும்போது

குழந்தைக்கு வராது என்றால், கோழியை அப்படியே விட்டுவிடலாமா? அதுவும் கூடாது. எங்கள் கறுப்புப் பெட்டை பொம்மியைக் கையில் எடுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், அதன் நெஞ்செலும்பைத் தடவச் சொன்னார். கத்தி முனை மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. கொண்டை வெளுத்திருந்தது. தீனியெல்லாம் நன்றாகத்தான் தின்றது. முட்டை மட்டும் நாலு நாளைக்கு ஒன்று. நான் வயசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

இந்தப் புழுவின் வாழ்க்கை எளிமையானது. கோழிக் குடலில் இருக்கும் பெண் புழு முட்டை போடும். அது எச்சத்தோடு மண்ணில் விழும். விழுந்த உடனே அந்த முட்டையால் ஆபத்தில்லை. ஈரமும் கதகதப்பும் இருந்தால் பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் உள்ளே குட்டிப்புழு தயாராகும். மண்ணைக் கிளறும் இன்னொரு கோழி அதைக் கொத்தும். ஐந்திலிருந்து எட்டு வாரத்தில் அந்தக் கோழியின் எச்சத்திலும் முட்டை வரும். நிழலான ஈர மண்ணில் இந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சுள்ளென்று அடிக்கும் வெயிலும் காய்ந்த தரையும்தான் அவற்றுக்கு எமன். நாடாப்புழு வேறு வழியில் வருகிறது. எறும்பு, வண்டு, சில வகைகளில் ஈ என்று ஏதாவது ஒரு பூச்சியைக் கோழி தின்றால்தான் அது வரும். கொல்லையில் மேய்கிற கோழியை எறும்பு தின்னாதே என்று யார் தடுப்பது?

புதுச்சேரி மழையை நினைத்துப் பாருங்கள். வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கும். மழை விட்டதும் மெல்லிய வெயில், ஈரமான மண், ஒரே இடத்தில் அடைந்து கிடக்கும் கோழிகள். புழு முட்டைக்கு அடைகாக்க இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? மூன்று மாதத்துக்குள் இருக்கும் குஞ்சுகள்தான் அதிகம் அடிபடும். பெரிய கோழிகள் ஓரளவு தாங்கும். ஆனால் வெளியே தெரியாமல் மண்ணில் முட்டையைப் பரப்பிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மிக அபூர்வமாக, குடலில் இருக்கும் புழு வழிதவறி முட்டைக்குழாய்க்குள் ஏறி, ஓட்டுக்குள்ளேயே சிக்கிக்கொள்வது உண்டு. முட்டையை உடைத்தால் உள்ளே புழு! அதனால் நமக்கு நோய் வராது என்றாலும் அப்புறம் யாருக்கு ஆம்லெட் இறங்கும்? நாட்டுக்கோழி முட்டையைக் கிண்ணத்தில் தனியாக உடைத்துப் பார்த்துவிட்டு வாணலியில் ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் அப்படித்தான் வந்தது.

எல்லா மெலிவும் புழுவும் இல்லை. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு நாளில் வரிசையாகச் சாய்ந்தால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்குப் புழு மருந்து உதவாது, முன்கூட்டியே தடுப்பு மருந்து போட்டிருக்க வேண்டும். ஆகவே மருந்து வாங்கும் முன் எச்சத்தைப் பரிசோதிப்பது நல்லது. அன்று காலையில் போட்ட எச்சத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு போனால், மைக்ராஸ்கோப்பில் வைத்து எந்தப் புழுவின் முட்டை என்று சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு அதிர்ஷ்டம். ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்து குரும்பாபேட்டிலேயே இருக்கிறது. கோழி வளர்ப்பில் சந்தேகம் என்றால் கேட்க, பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தைக் கேட்கலாம். ஒரு கோழிக்காகப் போய் நிற்பதா என்று கூச்சப்பட வேண்டாம். எனக்கு முன்னால் ஒருவர் வான்கோழியோடு நின்றிருந்தார். (வான்கோழியையும் கோழியையும் ஒன்றாக வளர்க்காதீர்கள் என்று அவருக்கு அங்கே ஒரு பாடம் நடந்தது. கோழியின் குருட்டுக்குடல் புழு முட்டைக்குள் ஒளிந்து போகும் ஒரு கிருமி, கோழியைப் பெரும்பாலும் விட்டுவிட்டு வான்கோழியின் ஈரலைத் தாக்கிக் கொன்றுவிடுமாம்.)

அந்த நீல மக்

இனி நான் சொல்லப்போவது எங்கள் வீட்டுத் தப்பு. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

டாக்டரிடம் போவதற்கு முன்பே, அத்தை ஒரு தெரிந்த கடையில் சொல்லி, கோழிப் பூச்சி மருந்து வாங்கிவைத்திருந்தார். பெரிய டப்பாவிலிருந்து கொஞ்சம் ஊற்றி, பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் கொடுத்திருந்தார்கள். பெயர் இல்லை, அளவு இல்லை, தேதி இல்லை. காலையில் அதைத் தண்ணீரில் கலந்து, கோழிகளுக்கு வைக்க ஒரு பாத்திரம் தேடியிருக்கிறார். கைக்குக் கிடைத்தது பாத்ரூமில் இருந்த நீல பிளாஸ்டிக் மக். என் மகள் தினமும் ‘டீ கடை’ விளையாடுவது அந்த மக்கில்தான்.

நான் துணி காயப்போட வந்தபோது, அவள் ஒரு கொட்டாங்குச்சியில் அதை மொண்டு, “அம்மா, டீ” என்று நீட்டினாள். வாய் ஈரமாக இருந்ததா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்தின் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. பாட்டிலைக் காட்டினோம், அதில் ஒரு ஆரஞ்சுப் பழம்தான் இருந்தது. நாலு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு மணி நேரமும் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

கோழிப்புழுவை நினைத்துப் பயந்துகொண்டிருந்த எனக்கு, உண்மையான ஆபத்து அந்த மக்கில் இருந்தது தெரியவில்லை. அதனால் இப்போது மருந்து விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை.

கோழிக்குக் கொடுக்கும் புழு மருந்துகளில் எல்லாம் எல்லாவற்றையும் கொல்லாது. தண்ணீரில் கலந்து தரும் பைப்பரசின் உருண்டைப்புழுவை வெளியேற்றும். நாடாப்புழுவுக்கு அது பிரயோஜனமில்லை. அல்பென்டசோல், ஃபென்பென்டசோல் இன்னும் கொஞ்சம் பரந்து வேலை செய்யும். நாடாப்புழுவுக்கு வேறு மருந்தும் தேவைப்படலாம். அளவு கோழியின் எடைக்கு. கண்மதிப்பாக ஊற்றினால், குறைவாகக் கொடுத்தால் புழு பழகிப்போகும், அதிகமானால் கோழி சாயும். ஆகவே அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை; உங்கள் கோழியைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். லேபிள் ஒட்டிய சீல் பாட்டிலாக வாங்குங்கள். கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சில்லறையாக ஊற்றி வாங்காதீர்கள்.

மருந்து தரும் முறையையும் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். முந்தின நாள் சாயங்காலமே தண்ணீர்த் தட்டை எடுத்துவிட வேண்டும். விடிந்ததும் கோழிகள் தாகத்தோடு இருக்கும். ஓரிரு மணி நேரத்தில் குடித்து முடிக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீரில் மருந்தைக் கலந்து, பஞ்சாரத்துக்குள்ளேயோ கூண்டுக்குள்ளேயோ வைக்க வேண்டும். குழந்தை எழுவதற்குள் தட்டு கழுவிக் கவிழ்த்தாக வேண்டும். அந்தத் தட்டு இப்போது எங்கள் வீட்டில் தனி. சிவப்பு பெயின்ட் கோடு போட்டு, பரணில் இருக்கிறது. ஏழு கோழிதானே என்றால், ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் சொட்டு சொட்டாக விடுவது இன்னும் நிச்சயம். அத்தைக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ராத்திரி அடைந்த பிறகு பிடித்தால் கோழி சத்தம்கூடப் போடாது.

மருந்து கொடுத்தபின் சில நாள் முட்டையையும் கறியையும் சாப்பிடக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். “பிள்ளைக்கு மட்டும் ஒண்ணு அவிச்சுத் தரேனே” என்று அத்தை முதல் தடவை கெஞ்சினார். பிள்ளைக்குத்தான் முதலில் கூடாது என்றேன். கடையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை என்ன விலை விற்கிறது என்று நினைக்கும்போது குழியில் போட்டு மூட மனசு கேட்காதுதான்.

கிராமத்தில் வேப்பிலையையும் குப்பைமேனியையும் பூண்டோடு அரைத்துத் தீனியில் பிசைந்து கொடுப்பார்கள். அத்தையும் கொடுக்கிறார். நான் தடுக்கவில்லை. ஆனால் எச்சத்தில் புழு முட்டை நிறைய தெரிந்த பிறகும் அது மட்டும் போதும் என்று இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

வழக்கமாகச் சொல்வது, குஞ்சுக்கு இரண்டு மாத வாக்கில் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. நாங்கள் மழைக்கு முன்னால் ஒன்று, மழை விட்டதும் ஒன்று என்பதைத் தவறவிடுவதில்லை.

கோழியிடமிருந்து வருவது வேறு

கோழி குழந்தைக்குப் புழுவைத் தராது, கிருமியைத் தரும். சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற இரண்டும் பார்க்க நன்றாக இருக்கும் கோழியின் குடலிலேயே இருக்கும். எச்சத்தில், இறகில், முட்டை ஓட்டில், அது நின்ற மண்ணில் ஒட்டியிருக்கும். பெரியவர்களுக்குச் சில நாள் பேதியோடு போவது ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். பொம்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு முத்தம் கொடுப்பது பார்க்க அழகுதான். போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது முத்தம் கிடையாது. கோழிக்குத் தீனி போடுவதும், தூரத்திலிருந்து பேசுவதும் அவள் வேலை. கூண்டுக்குள் கை விடுவது பெரியவர்கள் வேலை. முட்டை எடுத்தாலும், கோழியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசர் தடவினால் போதாது. மண்ணும் எச்சமும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது. புழு முட்டைக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. தேய்த்துக் கழுவினால்தான் போகும்.

வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களியோடு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து, நல்லெண்ணெய் விட்டுக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கும் கொடுத்தார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். சளிப் பிடித்த பிள்ளைக்கும் பச்சை முட்டை ‘தெம்பு’ என்பார்கள். தெம்பு வேக வைத்த முட்டையிலும் குறையாது. சால்மோனெல்லா மட்டும்தான் குறையும்.

கறிக்கும் அதே கதைதான். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை பறவைக் காய்ச்சலால் இறந்தது. சில நாள் முன்பு பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றதாக வீட்டார் சொன்னதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் கோழி அறுக்கும் இடத்தை நினைத்தேன்: அரிவாள்மனைக்கு ஒரு முழம் தள்ளி குந்தியிருந்த என் மகளை. பல கோழிகள் திடீரென்று செத்தால் அது புழு இல்லை. கையால் தொடாமல், தெருவில் வீசாமல், கால்நடைத் துறைக்குச் சொல்லிவிட வேண்டும்.

உண்மையிலேயே மண்ணிலிருந்து குழந்தைக்குத் தொற்றும் மிருகப் புழு ஒன்று உண்டு. ஆனால் அது நாய், பூனையினுடையது. டாக்சோகாரா என்று பெயர். எங்கள் வீட்டில் பூனை வளர்க்கவில்லையே என்றேன். கால்நடை டாக்டர், “வாசல்ல மணல் குவிச்சு வெச்சிருக்கீங்களா?” என்றார். தூக்கிவாரிப் போட்டது. மாடி கட்டியபோது மிஞ்சிய மணல், ஒன்றரை வருஷமாக வாசலில் கிடக்கிறது. ராத்திரியில் தெருப்பூனைகளுக்கு அதுதான் கக்கூஸ். பகலில் என் மகளுக்கு அதுதான் கடற்கரை. பூனை, நாய்க்குட்டி எச்சத்தில் வரும் அந்த முட்டைகள் இரண்டு வாரத்துக்கு மேல் மண்ணில் கிடந்து பக்குவமானபின் குழந்தையின் வாய்க்குப் போனால், குட்டிப்புழு ஈரல், நுரையீரல் என்று அலையும். அபூர்வமாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையே கெடுக்கும். நாயின் கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலுக்குள் புகுந்து கோடு கோடாக அரிக்கும். மண்ணைத் தின்னும் பழக்கம் உள்ள பிள்ளைகள் என்றால் இன்னும் கவனம் தேவை. ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மொத்தக் கொல்லையையும் சந்தேகப்பட்ட நான் அந்த மணல் மேட்டை மட்டும் சந்தேகப்படவில்லை.

மனிதர்களின் நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் மனித மலம் கலந்த மண்ணால் வருபவை. அதற்காகத்தான் 2015-லிருந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரி 10-ஐ ஒட்டியும் ஆகஸ்ட்டிலுமாக, ஒன்றிலிருந்து 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பென்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மில்லிகிராம் முழு மாத்திரை. சின்னப் பிள்ளைக்குப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, பெரிய பிள்ளைக்கு மென்று தின்ன. “ஸ்கூல்ல ஏதோ மாத்திரை குடுக்கறாங்க, வேணாம்னு சொல்லிட்டேன்” என்று பெருமையாகச் சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். இதே பெயரில் ஆட்டுக்கும் கோழிக்கும் மருந்து இருக்கிறது என்பதற்காக அந்தப் பாட்டிலிலிருந்து பிள்ளைக்கு ஊற்றிவிடவும் கூடாது. நடக்காது என்று நினைக்கிறீர்களா? எங்கள் நீல மக்கைப் பார்த்த பிறகு எதுவும் நடக்கும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது கொல்லையில்

கோழிகளை விற்கவில்லை. இடத்தை மாற்றினோம். கொல்லையின் கிழக்கு மூலையில் வெயில் நன்றாக விழும். அங்கே இரண்டு வரிசை செங்கல் வைத்துத் தரையை உயர்த்தி, மேலே நெல் உமி பரப்பி, வலையடித்து, கூண்டு. உமி ஈரமானால் அன்றே மாற்றிவிடுகிறோம். காய்ந்திருந்தால் கிளறிவிட்டுக்கொண்டால் போதும். முன்பு நொய்யையும் கம்பையும் தரையில் இறைப்போம். கோழி பொறுக்கித் தின்பதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். எச்சத்தோடு சேர்த்துப் பொறுக்க வைத்தது நாம்தான் என்று தெரிந்ததும், தீனியைத் தட்டில் வைக்க ஆரம்பித்தோம். மேயவிடுவது சாயங்காலம் மட்டும், துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம். எச்சம் குப்பைக்குழிக்குப் போகிறது. கீரைப்பாத்திக்குப் பச்சையாகப் போடுவதில்லை. மாதக்கணக்கில் மக்கிய பிறகுதான்.

கொல்லைக்கென்று மகளுக்கு ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பின்வாசலில். வீட்டுக்குள் வராது. அதை முதல் வாரம் பொம்மிக்கு மாட்டிவிடப் பார்த்தாள்.

அத்தைக்கும் எனக்கும் சமாதானம் தானாகவே வந்துவிட்டது. பொம்மிக்கு இரண்டாவது தடவை மருந்து கொடுத்து மூன்று வாரம் கழித்து, அவரே அதைப் பிடித்துக்கொண்டு வந்து, “நெஞ்சைத் தொட்டுப் பாரும்மா” என்றார். சதை பிடித்திருந்தது. கொண்டை சிவந்திருந்தது. நாளுக்கொரு முட்டை என்று சொல்ல மாட்டேன், வாரத்துக்கு நாலு.

மணல் மேடு மட்டும் இன்னும் வாசலில் இருக்கிறது. மாடி பாத்ரூமுக்கு வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். ஒரு தார்ப்பாயைப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்திருக்கிறோம். காலையில் ஒரு மூலை விலகியிருந்தால் பூனை வந்திருக்கிறது என்று அர்த்தம். தினசரி காலண்டரில் இரண்டு தேதிகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறது: மழைக்கு முன்னால் கோழிகளுக்கு ஒன்று, பிப்ரவரியில் மகளுக்கு ஒன்று. வட்டம் போட்டது அத்தை.